வலஞ்சுழி, இடஞ்சுழி: சூரிய ரேடியோ வெடிப்புகளின் முனைவாக்கமும் நுண்வரிகளும்

முப்பரிமாணப் படம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க மறந்த கண்ணாடி ஒன்று, மதுரை வண்டியூரில் என் மேசை இழுப்பறையில் பல வருடமாகக் கிடக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று இடக்கண்ணை மூடினால் ஒரு வேடிக்கை நடக்கும். மூடிய கண் தெளிவாகத் தெரியும். திறந்திருக்கும் வலக்கண் இருக்கும் இடம் கறுத்துப்போகும். வலக்கண் சில்லு வழியாக வெளியே போகும் ஒளி ஒரு பக்கமாகச் சுழன்றபடி போகிறது. ஆடியில் பட்டுத் திரும்பும்போது அந்தச் சுழற்சி மாறிவிடுகிறது, வலம்புரிச் சங்கு ஆடியில் இடம்புரியாகத் தெரிவதுபோல. மாறிய சுழற்சியை அதே சில்லு உள்ளே விடாது. மற்றச் சில்லு எதிர்ச் சுழற்சிக்காகச் செய்யப்பட்டது. அதன் வழியே போய், மாறித் திரும்பும் ஒளி மட்டும் திறந்த கண்ணுக்குள் நுழைகிறது.

இந்தச் சுழற்சியைத்தான் வட்ட முனைவாக்கம் என்கிறோம். பள்ளிப் பாடநூலில் இதற்குத் ‘தளவிளைவு’ என்று பெயர். ஒரே தளத்தில் அதிரும் அலைக்கு அந்தச் சொல் பொருந்தும். திருகுபோல் சுற்றிக்கொண்டு வரும் அலைக்குத் தளம் ஏது? அதனால் முனைவாக்கம் என்றே எழுதுகிறேன். அலையின் இரு வகைகளை வலஞ்சுழி, இடஞ்சுழி என்கிறேன்.

சூரியன் அவ்வப்போது வெடித்துக் கொட்டும் ரேடியோ அலைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஏதோ ஒரு பக்கம் கூடுதலாகச் சுழன்றபடி வருகின்றன. அந்த வெடிப்புகளை நேரத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் எதிராக வரைந்தால், பட்டைக்குள் பட்டையாக, கோட்டுக்குள் கோடாக நுண்வரிகள் தெரிகின்றன. சுழற்சி எங்கிருந்து வருகிறது, வரிகள் எதனால் விழுகின்றன என்ற இரண்டு கேள்விகளும் எழுபது எண்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் தனித்தனியே ஆராயப்பட்டு வந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் சூரிய வளிமண்டலத்தின் காந்தப்புலம் பிடிபடும் என்பது என் கருத்து. அப்படி வாசிக்கும்போது, பார்ப்பதில் எவ்வளவு சூரியனுடையது, எவ்வளவு வழியில் ஏறிய அழுக்கு என்ற மூன்றாவது கேள்வியும் கூடவே வந்து நிற்கும்.

போர்க்காலத்து இரைச்சல்

1942 பிப்ரவரி கடைசியில் பிரிட்டனின் ராணுவ ரேடார்கள் மூன்று நாள் பலத்த இரைச்சலில் தடுமாறின. எதிரியின் சதி என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே என்பவர் ரேடார்கள் நோக்கிய திசைகளைச் சேர்த்துப் பார்த்தார். எல்லாம் சூரியனைக் காட்டின. அன்று சூரிய வட்டத்தில் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் இருந்தது.

போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், ஆஸ்திரேலியாவில் மார்ட்டினும், பிரிட்டனில் ஆப்பிள்டனும் ஹேயும், கேம்பிரிட்ஜில் ரைலும் வான்பெர்க்கும் தனித்தனியே ஒரே செய்தியைச் சொன்னார்கள்: கரும்புள்ளிகளோடு வரும் ரேடியோ அலைகள் வட்ட முனைவாக்கம் கொண்டவை. கரும்புள்ளி ஒரு காந்தம் என்று ஹேல் 1908இலேயே காட்டியிருந்தார். அந்தக் காந்தத்தின் கைவரிசை ரேடியோவிலும் தெரிந்தது. சிட்னியில் ரூபி பெய்ன்-ஸ்காட், லிட்டிலுடன் சேர்ந்து 97 மெகாஹெர்ட்ஸில் செய்த அளவீடுகளை 1951இல் வெளியிட்டார். நாட்கணக்கில் நீடிக்கும் ‘இரைச்சல் புயல்’களின் சுழற்சிப் பக்கத்துக்கும் கீழே இருக்கும் கரும்புள்ளியின் வட, தென் முனைக்கும் உள்ள தொடர்பை அவை காட்டின.

நுண்வரிகளின் கதை இன்னொரு பக்கம் தொடங்கியது. பால் வைல்டும் மெக்ரெடியும் சிட்னிக்கு அருகே பென்ரித்தில் 70 முதல் 130 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே வீச்சில் துழாவும் கருவியை இயக்கி, 1950இல் வெடிப்புகளை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை எனப் பிரித்தார்கள். நான்காம் வகையை 1957இல் பிரான்சின் புவாஷோ சேர்த்தார். அமெரிக்காவின் டெக்சஸில் மேக்ஸ்வெல்லுடன் வேலை செய்துகொண்டிருந்த கோவிந்த் ஸ்வரூப், தலைகீழ் ‘யு’ வடிவில் வளைந்து திரும்பும் வெடிப்பை 1958இல் அறிவித்தார். காந்த வளைவு ஒன்றில் ஏறி மறுபக்கம் இறங்கும் எலக்ட்ரான்களின் தடம் அது. பின்னாளில் உதகையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியவர் அவர்தான்.

படத்தை வாசிக்கும் முறை

இயங்கு நிறமாலை என்பது எளிய படம். கிடையில் நேரம், செங்குத்தில் அதிர்வெண், புள்ளியின் பளிச்சில் செறிவு. இதை வாசிக்க ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும். பிளாஸ்மா தனக்கென ஓர் அதிர்வெண்ணில் அதிரும். அது எலக்ட்ரான் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு கன சென்டிமீட்டரில் 10 கோடி எலக்ட்ரான்கள் இருந்தால் சுமார் 90 மெகாஹெர்ட்ஸ். அடர்த்தி நாலில் ஒரு பங்கானால் 45. சூரியனின் வெளிவளிமண்டலமான கரோனாவில் மேலே போகப் போக அடர்த்தி குறைவதால், அதிர்வெண்ணே உயரத்தைச் சொல்லிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நியூகிர்க் 1961இல் தந்த அடர்த்திச் சமன்பாட்டின்படி, சூரிய மையத்திலிருந்து ஒன்றரை ஆரத்தொலைவில் பிளாஸ்மா அதிர்வெண் சுமார் 51 மெகாஹெர்ட்ஸ். இரண்டு ஆரத்தொலைவில் 22. இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 3,48,000 கிலோமீட்டர். 51இல் தொடங்கி 22இல் முடிய ஒரு வெடிப்புக்கு நாலு விநாடி ஆனால், அதை உண்டாக்கியது ஒளியின் வேகத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கில் பாய்ந்த எலக்ட்ரான் கற்றை. அது மூன்றாம் வகை. அதே பயணத்துக்கு ஆறு நிமிடம் ஆனால் வேகம் விநாடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவு. அது அதிர்ச்சி அலை, இரண்டாம் வகை. முன்னது படத்தில் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக விழும் கோடு. பின்னது மெல்லச் சரியும் பட்டை. பெரும்பாலும் அதற்கு மேலே, இருமடங்கு அதிர்வெண்ணில், இன்னொரு பட்டையும் இருக்கும். கீழே இருப்பது அடிப்படை அலை, மேலே இருப்பது இரட்டை அலை.

இவ்வளவும் செறிவு ஒன்றையே வைத்துச் சொல்ல முடிகிறது. எப்போது, எவ்வளவு வேகம், எந்த உயரம் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது. வெடிப்புக்கே காரணமான காந்தப்புலம் எவ்வளவு என்று கேட்டால் படம் பேசாது. அதற்கு வேறு இரண்டு சாட்சிகளைக் கூப்பிட வேண்டும்.

நூறு சதவீதம் எங்கே போயிற்று?

முதல் சாட்சி முனைவாக்கம். காந்தப்புலத்தில் எலக்ட்ரான் ஒரு குறிப்பிட்ட பக்கமாகவே சுழலும். காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ்; ஒரு காஸ் புலத்தில் அந்தச் சுழற்சி விநாடிக்கு 28 லட்சம் முறை, அதாவது 2.8 மெகாஹெர்ட்ஸ். எலக்ட்ரானோடு ஒரே பக்கம் சுழலும் ரேடியோ அலையும் எதிர்ப்பக்கம் சுழலும் அலையும் பிளாஸ்மாவுக்குள் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. ஒரே பக்கம் சுழலும் அலை வெளியேற வேண்டுமானால் அதன் அதிர்வெண் பிளாஸ்மா அதிர்வெண்ணைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சுழலும் அலைக்கு அந்தத் தடை இல்லை.

இதிலிருந்து ஒரு கறாரான முடிவு வருகிறது. அடிப்படை அலை பிளாஸ்மா அதிர்வெண்ணிலேயே பிறப்பதால், ஒரு பக்கச் சுழற்சி மட்டுமே தப்பி வர முடியும். ஆகவே அது நூறு சதவீதம் முனைவாக்கம் கொண்டிருக்க வேண்டும். இரைச்சல் புயல்கள் பல நேரம் அந்த அளவை நெருங்குகின்றன. மூன்றாம் வகையிலோ அப்படி இல்லை. டல்க்கும் சுசுகியும் ஆஸ்திரேலியாவின் கல்கூராவில் பதிவான 997 வெடிப்புகளை அலசி 1980இல் வெளியிட்ட முடிவின்படி, அடிப்படை அலையின் சராசரி முனைவாக்கம் சுமார் 35 சதவீதம், இரட்டை அலையுடையது 11 சதவீதம். மீதி 65 எங்கே?

இதற்குச் சொல்லப்படும் விடைகள் பல. பிறந்த இடத்துக்கு அருகே காந்தப்புலம் அலைக்குக் குறுக்காகத் திரும்பும்போது இரு சுழற்சிகளும் ஒன்றில் ஒன்று கலக்கின்றன என்பது ஒன்று. கரோனாவின் அடர்த்தி சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக இருப்பதால் அலை சிதறி வருகிறது என்பது இன்னொன்று. மெல்ரோஸ் 2006இல் முன்வைத்தது என் இழுப்பறைக் கண்ணாடிக்கு நெருங்கியது. அடர்த்தி சட்டென மாறும் சுவர்களில் அலை மோதித் திரும்பும்போது அதன் ஒரு பகுதி எதிர்ச் சுழற்சிக்கு மாறி, மொத்த முனைவாக்கம் தேய்ந்துபோகிறது என்கிறார் அவர். கரோனாவே ஆடியாக வேலை செய்கிறது. மூன்றில் எது எவ்வளவு என்பது இன்னும் தீராத வழக்கு.

இரட்டை அலையில் சிக்கல் குறைவு. பிளாஸ்மா அதிர்வெண்ணைப்போல் இருமடங்கில் அது பிறப்பதால் இரண்டு சுழற்சிகளுமே வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம் காந்தப்புலத்துக்கு ஏற்றபடி அமையும். 102 மெகாஹெர்ட்ஸில் வரும் இரட்டை அலையில் 10 சதவீதம் முனைவாக்கம் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்மா அதிர்வெண் 51. அதில் பத்தில் ஒரு பங்கை 2.8ஆல் வகுத்தால் 1.8 காஸ். பார்க்கும் கோணத்துக்கான திருத்தம் தனி.

ஒரே தளத்தில் அதிரும் நேர்கோட்டு முனைவாக்கம் மீட்டர் அலைகளில் பூமிக்கு வந்து சேராது என்பது நெடுநாள் நம்பிக்கை. கரோனாவைத் தாண்டுவதற்குள் அந்தத் தளம் ஆயிரக்கணக்கான முறை சுற்றிவிடும். அதிர்வெண் சிறிது மாறினாலும் சுற்றின் அளவு மாறுவதால் எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தில் திவ்யா ஓபராயின் குழுவினர், ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஆன்டெனாக் களத்தையும் நாராயண்காவ் அருகே உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியையும் பயன்படுத்தி, நேர்கோட்டு முனைவாக்கமும் வருகிறது என்று அண்மையில் காட்டியிருக்கிறார்கள். அது உறுதிப்படுமானால், அலை எங்கே பிறக்கிறது, எங்கே மாறுகிறது என்ற பாடத்தில் சில பக்கங்களைத் திருத்தி எழுத வேண்டிவரும்.

வரிக்குதிரையும் மீன்முள்ளும்

இரண்டாவது சாட்சி நுண்வரிகள். ஆய்வாளர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் ஏதோ மீன் சந்தைக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் நடுவே நிற்பதுபோல் இருக்கும். இரண்டாம் வகைப் பட்டையிலிருந்து இருபக்கமும் கிளைக்கும் மெல்லிய கோடுகள் மீன்முள். அதிர்ச்சி அலையின் முகப்பிலிருந்து மேலும் கீழும் தெறிக்கும் எலக்ட்ரான்களின் தடம் அது. நான்காம் வகையின் பரந்த பின்னணியில் இணையாக ஓடும் வரிகள் வரிக்குதிரை; 1959இல் எல்கரோய் அதைக் கவனித்தார். அதே பின்னணியில் சரிவாக இறங்குபவை நார்கள். மில்லி விநாடிக் கணக்கில் குத்தி மறைபவை ஊசிகள். மூன்றாம் வகையின் ஒரே கோடு பல துண்டுக் கீற்றுகளாக உடைந்து நின்றால் அது ‘மூன்று-பி’.

இவற்றில் வரிக்குதிரைதான் அதிகம் பேசப்பட்டது. எலக்ட்ரானின் சுழல் அதிர்வெண்ணின் முழு எண் மடங்கு ஒன்று பிளாஸ்மாவின் அதிர்வோடு சரியாகப் பொருந்தும் இடங்களில் மட்டும் அலை ஓங்குகிறது என்று ஷெலெஸ்னியாகோவும் ஸ்லோட்னிக்கும் 1975இல் விளக்கினார்கள். வீணையின் தண்டில் மெட்டுகள் இருக்கும் இடத்தில் மட்டும் சுரம் நிற்பதுபோல, கரோனாவின் காந்தக் குழாயில் அந்தந்தப் படியில் மட்டும் ஒலி எழும். அப்படியானால் வரிகளின் இடைவெளியிலிருந்து காந்தப்புலத்தைக் கணக்கிடலாம். ரஷ்யாவின் செர்னோவ் இதை முழுதாக ஏற்கவில்லை. விசில் அலைகள் என்னும் வேறு வகை அலைகளால் நார்களுக்கும் வரிகளுக்கும் ஒரே விளக்கம் தர முடியும் என்பது அவர் வாதம். இரண்டு கொள்கைகளும் ஒரே வரியிலிருந்து வெவ்வேறு காஸ் மதிப்பைத் தருகின்றன. இங்கேதான் இரண்டு சாட்சிகளையும் ஒன்றாக நிறுத்த வேண்டியிருக்கிறது. எந்தச் சுழற்சி மேலோங்கும் என்பதைப் பிறக்கும் முறைதான் தீர்மானிக்கிறது. ஆகவே வரியை வரைந்துவிட்டு, அந்த வரியின் சுழற்சிப் பக்கத்தையும் அளவையும் அதன் மேலேயே குறிக்காமல் விட்டால் கட்சி பிரியாது.

இரண்டாம் வகையின் பட்டைப் பிளவும் இதே போன்றது. அடிப்படைப் பட்டையே இரு இழைகளாகப் பிரிந்து ஓடும். அதிர்ச்சி அலைக்கு முன்னால் உள்ள பிளாஸ்மா ஓர் இழை, அது நெருக்கிய பின்பக்கப் பிளாஸ்மா மற்ற இழை என்பது ஸ்மெர்ட், ஷெரிடன், ஸ்டூவர்ட் மூவரும் 1970களில் தந்த விளக்கம். முன்பு எடுத்த எண்ணையே எடுப்போம். ஓர் இழை 51, மற்றது 62 மெகாஹெர்ட்ஸ். அடர்த்தி ஒன்றரை மடங்கு நெருக்கப்பட்டிருக்கிறது. அதற்கேற்ற அதிர்ச்சி வலிமை, அதாவது அந்தப் பிளாஸ்மாவில் காந்த அலை ஓடும் வேகத்தைப்போல் அதிர்ச்சி அலையின் வேகம் எத்தனை மடங்கு என்பது, 1.4. வேகம் விநாடிக்கு 1,000 கிலோமீட்டர் என்றால் காந்தப்புலம் 1.8 காஸ் அளவில் வரும். முனைவாக்கக் கணக்கிலும் அதே அளவுதான் வந்தது. எண்களை எடுத்துக்காட்டுக்காக நானே தேர்ந்தேன். உண்மையான வெடிப்பில் இரு விடைகளும் இவ்வளவு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒத்துப்போகாதபோதுதான் ஆய்வுக்கு வேலை. பிளவின் இரு இழைகளும் அதிர்ச்சி முகப்பின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வருகின்றன என்ற மாற்றுக் கருத்தும் உண்டு. அது சரியென்றால் மேலே போட்ட கணக்கே செல்லாது.

கொடைக்கானலிலிருந்து கருமாத்தூர் வரை

நம் பக்கத்தில் இந்தக் கதை காந்தப்புலத்திலிருந்தே தொடங்குகிறது. அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானலில் 1899இல் அமைந்த சூரிய ஆய்வகத்தில், ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். பின்னாளில் அந்த ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்புவின் காலத்தில் ரேடியோ வேலையும் அங்கே வளர்ந்தது. டெகாமீட்டர் அலைகளில் சூரிய வெடிப்புகளின் நுண்வடிவத்தை ஆராய்ந்த சி.வி.சாஸ்திரி, பிறகு பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூர் ரேடியோ நிலையம் உருவாவதற்கு முன்னின்றார். 1997 முதல் அங்கே இயங்கும் ரேடியோ சூரியப்படக் கருவியும், அதன் பின் ஆர்.ரமேஷ் தலைமையில் வந்த முனைவாக்கமானிகளும் நிறமாலைமானிகளும், இந்தக் கட்டுரையின் இரு சாட்சிகளையும் ஒரே களத்தில் கூட்டியவை. சூரியனின் ஒன்றரை, இரண்டு ஆரத்தொலைவில் காந்தப்புலம் சில காஸ் அளவு என்று அவர்கள் தொடர்ந்து மதிப்பிட்டு வருகிறார்கள். ஒப்பிட வேண்டுமானால், மதுரையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ், கரும்புள்ளியில் 2,000, 3,000 காஸ்.

உதகைத் தொலைநோக்கி 1970 முதல் இயங்கும் பெரிய காது. அது ஒரே நேர்கோட்டு முனைவாக்கத்தை மட்டும் வாங்கும்படி கட்டப்பட்டது. சூரியக் காற்றை அளப்பதில் அது செய்த பணி பெரிது. வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று கேட்டால் அதனால் சொல்ல முடியாது. கருவியின் பருமன் ஒரு கேள்விக்கு விடை தரும், அதன் ஆன்டெனாக்கள் நிற்கும் விதம் வேறொரு கேள்விக்கு விடை தரும்.

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையில் உள்ள கருமாத்தூரின் அருள் ஆனந்தர் கல்லூரியில் ஏ.சண்முகராஜுவும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எஸ்.உமாபதியும், அவர்களோடு சேர்ந்தவர்களும் இரண்டாம் வகை வெடிப்புகளில் நெடுநாள் உழைத்திருக்கிறார்கள். கொரியாவின் மூன், அமெரிக்காவின் டிரையர் ஆகியோருடன் இவர்கள் 2003இல் ‘சோலார் ஃபிசிக்ஸ்’ இதழில் எழுப்பிய கேள்வி இது: கரோனா அதிர்ச்சி அலைகளுக்கு மூலம் ஒன்றா இரண்டா? சூரியச் சுடரின் வெடிப்பே அலையை ஓட்டுகிறதா, சூரியன் வீசும் பிளாஸ்மா மேகம் முன்னால் தள்ளுகிறதா? இதற்கு அவர்கள் சொந்தமாக ஆன்டெனா நட வேண்டியிருக்கவில்லை. தரை நிலையங்களும் செயற்கைக்கோள்களும் பொதுவில் வைத்த பட்டியல்களை வரிசையாக ஒப்பிட்டார்கள். நகரத்தில் ஆன்டெனா நடுவதும் எளிதில்லை. எஃப்எம் ஒலிபரப்பின் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டை, சூரியன் அதிகம் பேசும் இடத்தின் நட்டநடுவே உட்கார்ந்திருக்கிறது. வண்டியூர் மொட்டைமாடியில் ஆன்டெனாவை நிமிர்த்தினால் சூரியனுக்கு முன் பாட்டுக் கச்சேரிதான் கேட்கும்.

மூலமா, வழியா?

மிச்சம் இருப்பது மூன்றாவது கேள்வி. ஐரோப்பாவின் லோஃபார் ஆன்டெனாத் தொகுதி பதிந்த ‘மூன்று-பி’ கீற்றுகளை கொன்டார் என்பவரின் குழுவினர் 2017இல் அலசினார்கள். ஒரு கீற்றின் குறுகிய அதிர்வெண் அகலத்தைப் பார்த்தால், அது பிறந்த இடம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். படத்தில் அதன் அகலமோ 20 வில்நிமிடத்துக்கு அருகே. சூரிய வட்டத்தின் குறுக்களவில் மூன்றில் இரண்டு பங்கு. ஊசிமுனை விளக்கு பனிமூட்டத்தில் பந்தாகத் தெரிவதுபோல, கரோனாவின் சிதறல் அதை ஊதிவிட்டிருக்கிறது. அளவை ஊதிய அதே சிதறல் முனைவாக்கத்தையும் கரைத்திருக்கும். ஆக டல்க், சுசுகியின் 35 சதவீதத்தைச் சூரியனின் எண்ணாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. வழியின் எண்ணும் அதில் இருக்கிறது. நுண்வரியின் கூர்மை பிறந்த இடத்தைச் சொல்கிறது, முனைவாக்கத்தின் தேய்வு வழியைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே கீற்றில் அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

இது ஆய்வாளர்களின் கவலை மட்டுமில்லை. 2006 டிசம்பர் 6 அன்று சூரியன் 1.4 கிகாஹெர்ட்ஸ் அருகே வெடித்தபோது, பகல் இருந்த பாதி உலகில் ஜிபிஎஸ் வாங்கிகள் தடுமாறின. வெடிப்பு பலமானது என்பது ஒரு காரணம். அது வலஞ்சுழியாக வந்தது இன்னொரு காரணம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சைகையும் வலஞ்சுழிதான். இடஞ்சுழியாக வந்திருந்தால் அந்த வாங்கிகள் பெரும்பகுதியை வெளியே நிறுத்தியிருக்கும், என் கண்ணாடிச் சில்லுபோல. அந்த வெடிப்பின் பெரும் பகுதி மில்லி விநாடி ஊசிகளால் ஆனது. நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டிய நேரம் என்பதால் தப்பினோம்.

2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா-எல்1 கலம் கரோனாவை ஒளியில் பார்க்கிறது. மீட்டர் அலை ரேடியோ வேலை தரையில்தான் நடக்க வேண்டும். இ-காலிஸ்டோ என்னும் உலக வலைப்பின்னலில் உதகையும் கௌரிபிதனூரும் உண்டு. அதன் நிறமாலைக் கோப்புகளை யாரும் இலவசமாக எடுக்கலாம். எம்.எஸ்ஸி. திட்டக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கு நான் சொல்வது இது. முதலில் கருமாத்தூர்க்காரர்கள் செய்ததுபோல் நல்ல இரண்டாம் வகை வெடிப்புகளாகப் பொறுக்கி, சரிவைக் கணக்கிடுங்கள். பிறகு, அந்த நேரத்தில் வலஞ்சுழியையும் இடஞ்சுழியையும் தனித்தனிக் கோப்பாகப் பதிந்த நிலையம் எது என்று தேடுங்கள். சில நிலையங்கள் பதிகின்றன. இரண்டு படங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாருங்கள். செறிவில் ஒரே பட்டையாகத் தெரிந்தது, சில நேரம் ஒரு பக்கம் மட்டும் மறைந்துபோகும். காந்தப்புலத்தின் கணக்கை அந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.